நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்துத் தையல்

லப்பைக்குடிக்காடு
12.2.2025

அன்புத் தம்பி அப்துல் ஹாதிக்கு,

அக்கா ஃபஹ்மிதா சலாம் சொல்லி எழுதுவது. அம்மா, அத்தா, நான், என் இரண்டு வாலில்லாக் குரங்குகள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். துபாயில் உன் மச்சானும் சுகமாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அரியலூர் லாரித் தூசியில் இருமல் கூடிவிட்டதா? அம்மாவின் முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. உன் கடிதம் வரும்போதெல்லாம், "எங் காலைப் பத்தி ஏதும் கேட்டிருக்கானா?" என்கிறார். "கேட்டிருக்கான்மா" என்று நான் பொய் சொல்கிறேன். நீ போனைத் தொடமாட்டேன் என்று அடம் பிடிப்பதால் இந்த வயதில் தபால் ஆபீஸுக்கு நடக்கிறேன். அது போதாதென்று பொய் வேறு சொல்லவைக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரம்பலூரிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி உன்னையும் வேறு ஐந்து பேரையும் அனுப்பினானே ஏஜெண்ட், அவன் மேல் போட்ட வழக்கு இந்த வருஷம் விசாரணைக்கு வருகிறதாம். மியான்மர் எல்லையில் அந்த மதில் சுவருக்குள் பதினான்கு மாதம் உங்களை என்ன செய்தார்கள் என்று ஆறு பேரில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொன்னால்தான் வழக்கு நிற்குமாம். இல்லாவிட்டால் அவன் வெளியே வந்து மறுபடி ஆள் சேர்ப்பான். அத்தா அவரிடம், "எம் மவன் வர மாட்டான் சார். ஏதோ போனான், வூட்டுக்கு வந்துட்டான், அம்புட்டுதான்" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா என்று நீதான் எழுத வேண்டும்.

இத்துடன் ஒரு நாவல் அனுப்பியிருக்கிறேன். 'உப்புக்கொட்டகை' என்று பெயர். நம் ஊர் நூலகத்தில் எடுத்தது. உப்பளக் காண்ட்ராக்டர் ஒருவன் நான்கு வருஷம் அடைத்து வைத்திருந்த பச்சையம்மாள் என்கிற பெண்ணின் கதை. முதல் அத்தியாயத்திலேயே அவள் வீடு திரும்பிவிடுகிறாள், அடைபட்டிருந்த கதை அப்புறம்தான் வருகிறது. கதவைச் சாத்தாமல் குளிக்கிறாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். அதைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். நீ வந்த புதிதில் இதையேதானே செய்தாய்? நானும் இப்படியேதானே திட்டினேன்?

ஆனால் நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்கே முடியாததை நீ படித்தால் என்ன ஆவாயோ என்று பயந்து, அங்கிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஓரத்தை ஊசி நூலால் தைத்து மூடிவிட்டேன். முன்பாதியை மட்டும் படி. தையலைப் பிரிக்காதே. நூலகப் புத்தகத்தைத் தைத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உனக்காக துஆ கேட்கும்
அக்கா ஃபஹ்மிதா


ரெட்டிபாளையம், அரியலூர்
21.2.2025

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புத்தகம் வந்து சேர்ந்தது. அமாவாசை அண்ணன் தார்ப்பாய்க் கடையில் வேலை அதிகம். சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன் என்கிற தகுதியில் சொல்கிறேன், உன் தையல் மகா மட்டம். முடிச்சுகூடப் போடவில்லை. லாரி ஜெயங்கொண்டம் போய்ச் சேருவதற்குள் பிரிந்து பறந்துவிடும். ஆனாலும் நான் பிரிக்கவில்லை. முன்பாதியைப் படித்தேன்.

நீ திட்டியது எனக்கு ஞாபகத்தில் இல்லை. அதற்காக அழாதே.

கோர்ட்டுக்கு வர மாட்டேன். அத்தா சொன்னதுதான் சரி. மற்ற ஐந்து பேரும் வர மாட்டார்கள். வாலிகண்டபுரத்துத் தமிழரசனைப் போன மாதம் கடைவாசலில் பார்த்தேன். லாரி ஓட்டுகிறான். பதினான்கு மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் திருப்பிக்கொண்டேன். காரணம் கேட்காதே.

தம்பி
ஹாதி


லப்பைக்குடிக்காடு
4.3.2025

அன்புத் தம்பிக்கு,

சலாம். இன்று மூன்றாம் நோன்பு. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நீ ஸஹருக்கு எழுந்து சாப்பிடுகிறாயா, தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்பு வைக்கிறாயா? பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். உன் கடிதத்தை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். தையலில் குற்றம் கண்டுபிடிக்க நான்கு வரி இருக்கிறது. பெற்றவளின் உடம்பைக் கேட்க அரை வரி இல்லை. இந்த முறை பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கேக்கலம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து போய் நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நூலகர் தமிழ்மொழி மேடம் புத்தகத்தைக் கேட்டார். "படிச்சுக்கிட்டே இருக்கேன் மேடம், மெதுவாத்தான் போவுது" என்றேன். நோன்பு வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

நான் ஏன் அந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்று சொல்கிறேன். காண்ட்ராக்டர் பச்சையம்மாள் கையில் ஒரு பிரம்பைக் கொடுக்கிறான். மற்றப் பெண்களை இனி நீதான் அடித்து வேலை வாங்க வேண்டும் என்கிறான். அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். அங்கே மூடினேன். அவளை யார் யாரோ அடித்ததையெல்லாம் படித்துவிட்டேன், ஆனால் அவள் அடிப்பதைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படியும் போலீஸோ அண்ணன் தம்பியோ வந்து மீட்டிருப்பார்கள். அது தெரிந்த கதைதானே என்று தைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். திருச்சியில் மாமா கடை இருக்கிறது. அத்தாவின் சிநேகிதர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள். யாரும் சொந்தமில்லாத அரியலூரில், அந்தப் புழுதியில் போய் நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

கோபம் பாதியும் பாசம் பாதியுமாக
ஃபஹ்மிதா


ரெட்டிபாளையம்
12.3.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். பிரித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று பிளேடு எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தேன். இரண்டு நாளில் மிச்சத்தையும் படித்தேன். புத்தகத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீ படிக்க வேண்டும். படித்தே ஆக வேண்டும்.

பச்சையம்மாள் அடிக்கிறாள் அக்கா. பதினோரு நாள் அடிக்கிறாள். கூட இருந்த ஒருத்தியின் முதுகு கிழிந்துபோகிறது. ஆனால் பிரம்பு கையில் இருப்பதால் காண்ட்ராக்டருக்கு அவள் மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. அவளை மட்டும் வரப்பு வரைக்கும் நடக்க விடுகிறான். அவள் கடல் தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது வடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் தண்ணீர் வடிந்த நேரத்தில் ஒன்பது பெண்களையும் உப்புச் சேற்றில் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். முதுகு கிழிந்தவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறாள். போலீஸும் வரவில்லை, அண்ணன் தம்பியும் வரவில்லை. ஊர் கூடி விசாரிக்கும்போது எழுந்து நின்று சொல்கிறாள்: "இவ முதுகுல இருக்கறது நான் அடிச்ச அடி. அதைச் சொல்லிட்டுத்தான் அவனைப் பத்திச் சொல்லுவேன்."

நீ பயந்துபோய்த் தைத்து மூடியதில் கொடுமை கொஞ்சம்தான் இருந்தது. அவள் ஜெயித்தது முழுக்க அதற்குள்தான் இருந்தது. நான் வந்த இரண்டாம் நாள் அத்தாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். "போதும்பா, வந்துட்டேல்ல, சோத்தைத் தின்னு" என்றார். பாசத்தில்தான் சொன்னார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

இனி அம்மாவின் முழங்கால். அங்கே எங்கள் ஒவ்வொருவருக்கும், என்ன பேச வேண்டும் என்று எழுதிய ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். காலையில் "சாப்பிட்டீங்களா?" என்று அனுப்ப வேண்டும். மத்தியானம் "வெயில்ல வெளிய போவாதீங்க." சாயங்காலம் "உடம்பு எப்படி இருக்கு?" தமிழ் பேசுகிறவர்களை எல்லாம் எனக்கும் தமிழரசனுக்கும் ஒதுக்கினார்கள். தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள். தினம் பதினாறு மணி நேரம் போனில் நலம் விசாரித்தோம். நலம் விசாரித்தே அவர்களை நம்பவைத்து, கடைசியில் கையிலிருப்பதை வழித்துக்கொண்டோம். வழிக்காத நாளில் கரண்ட் கம்பியால் சூடு. அதற்காக நான் செய்ததெல்லாம் இல்லாமல் போய்விடாது. இப்போது அம்மாவின் காலைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தால், அந்த நோட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரியே இருக்கிறது. கேட்காமல் இருப்பது மறந்ததால் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

கூண்டில் ஏறினால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் ஆறு பேரும் ஓடி ஒளிகிறோம்.

ஹாதி


லப்பைக்குடிக்காடு
5.4.2025

தம்பிக்கு,

சலாம். பெருநாள் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. உன் பங்கு பிரியாணியைக் குரங்குகள் தின்றுவிட்டன.

மூன்று வாரம் நான் எழுதாததற்குக் காரணம் சொல்லி மழுப்பப் போவதில்லை. உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. என் தம்பியா இப்படி என்று வந்தது. நம் தெரு மூலையில் தனியாக இருக்கும் ஹலீமா மாமி, போனில் யாரோ "நல்லா இருக்கீங்களா" என்றால்கூட எப்படிப் பூரித்துப் போவார் தெரியுமா? அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் மேல் எரிச்சலாக வந்தது. பிறகு புத்தகத்தை எடுத்து, நீ பிரித்து அனுப்பிய பாதியைப் படித்தேன். ஊசி ஓட்டைகளோடு படித்தேன். பச்சையம்மாளை வெறுக்க எவ்வளவோ முயற்சி செய்தேன், முடியவில்லை. அந்த ஊர்க்கூட்ட இடம் வந்ததும், பாயில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். என் சின்னது பயந்து, "என்னம்மா பாம்பா?" என்று கேட்டது.

அம்மாவிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அவன் கேக்க வேணாம். எங் காலு அவனுக்குத் தெரியும்" என்றார்.

இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. சரியா தவறா என்று மட்டும் எழுது. நீ வழித்தவர்களில் யாரோ அரியலூரில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் அங்கே இருக்கிறாய்.

ஃபஹ்மிதா


ரெட்டிபாளையம்
11.4.2025

அக்கா,

சலாம். சரி.

வேணியம்மா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. நான் சிங்கப்பூரில் இருக்கும் பிரபு என்று சொல்லி ஐந்து மாதம் அவரோடு பேசினேன். வாசல் மரம் பூத்தால் போட்டோ எடுத்து அனுப்புவார். அந்த மரத்தை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அந்தத் தெருவில் பதினோரு தடவை போய்விட்டேன். இதுவரை கதவைத் தட்டவில்லை.

ஹாதி


லப்பைக்குடிக்காடு
16.4.2025

தம்பிக்கு,

சலாம். பதினோரு தடவை நடந்த காலுக்குப் பன்னிரண்டாவது தடவை வலிக்காது. போ.

நானும் வரட்டுமா என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நான் வந்தால் உனக்குப் பதிலாக நானே பேசிவிடுவேன், என் வாய் அப்படி. பழம், ஸ்வீட் என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழுந்து அவரைச் சங்கடப்படுத்தாதே. நடந்ததைச் சொல். அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்.

சம்மன் வந்துவிட்டது. ஜூலை பதினைந்து, பெரம்பலூர் கோர்ட். அத்தா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டுவதற்கு முன்னால் நான் தேதியைப் பார்த்துவிட்டேன்.

நீ வருவாயா என்று இனி நான் கேட்க மாட்டேன். வேணியம்மா வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு உனக்கே தெரியும்.

அக்கா


ரெட்டிபாளையம்
1.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாரா? மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். இதை எந்த நோட்டையும் பார்த்து எழுதவில்லை. ஏன் இப்போது முடிகிறது என்று கீழே சொல்கிறேன்.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டினேன். கதவைத் திறந்து, "யாருப்பா?" என்றார். "சிங்கப்பூர் பிரபு நான்தாம்மா. எம் பேரு அப்துல் ஹாதி" என்றேன். முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டார். உள்ளே தாழ் விழுந்தது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை தார்ப்பாய்க் கடைக்கே வந்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த தார்ப்பாய் மெழுகைப் பார்த்து விசாரித்திருக்க வேண்டும். அமாவாசை அண்ணன், இரண்டு டிரைவர்கள் எல்லோரும் பார்க்க என்னை அறைந்தார். அண்ணன் பதறி எழுந்தார். "ஒக்காருங்க, இது எங்க கணக்கு" என்று அவரை உட்காரவைத்தார். இன்னொரு அறை. அப்புறம் தார்ப்பாய்ச் சுருள் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. எனக்கு டெங்கு வந்தப்ப, நெலவேம்புக் கசாயம் வெச்சுக் குடிங்க, தனியா இருக்காதீங்க, பக்கத்து வூட்டுப் பொண்ணைக் கூப்புட்டு வெச்சுக்கங்கன்னு ராத்திரி பூரா பேசினியே. அதுவும் எழுதிக் குடுத்ததா?"

"இல்லம்மா. அது நான் பேசினது."

"அன்னிக்கு ஒன்னை யாரும் ஒண்ணும் கேக்கலயா?"

"வேற ஆளுங்ககிட்டப் பேசாம ஒங்ககிட்டயே பேசிக்கிட்டிருந்தேன்னு சூடு வெச்சாங்க."

காட்டச் சொன்னார். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த மதிலுக்குள்ளும் அழாதவன், திரும்பி வந்து வீட்டிலும் அழாதவன், அமாவாசை அண்ணன் கடையில் லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ஓவென்று அழுதேன். அக்கா, அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. அந்த நோட்டில் இருந்த எல்லா வார்த்தையும் அவர்களுடையது இல்லை. சிலது என்னுடையது. அம்மாவிடமும் உன்னிடமும் நான் கற்றுக்கொண்டது. அதை அவர்களுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

போகும்போது வேணியம்மா, "அந்தக் கோர்ட்டு தேதி என்னிக்கு?" என்று கேட்டார். வழக்கு இருப்பதை நான் சொல்லவே இல்லை, அமாவாசை அண்ணன்தான் உளறிவிட்டார்.

ஜூலை பதினைந்து வருகிறேன்.

பாசமுள்ள தம்பி
ஹாதி


லப்பைக்குடிக்காடு
10.6.2025

என் அருமைத் தம்பிக்கு,

சலாம். பக்ரீத் நல்லபடி முடிந்தது. அம்மா தைலம் தேய்க்கிறார், மாடியும் ஏறுகிறார், சொன்னால் கேட்பவரா? உன் முதல் பத்தியை மட்டும் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போய், "எம் மவன் காலைப் பத்தி விசாரிச்சு எழுதிருக்கான்" என்று பெருமை அடித்துவிட்டு வந்தார்.

மிச்சத்தையும் படித்துக் காட்டினேன். அத்தா ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். சூடு வைத்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அத்தா கண்ணைத் திறக்காமலே, "படி" என்றார். படித்தேன். வேணியம்மா அறைந்ததைப் படித்தேன். மறுபடி, "படி" என்றார். முடித்ததும் எழுந்து போய் பீரோவைத் திறந்து சம்மனை என் கையில் கொடுத்தார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். தமிழ்மொழி மேடம் ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அபராதம் போடுவார் என்று நினைத்தேன். "பாதியில நிறுத்திட்டேன்னு சொல்லித்தான் எல்லாரும் திருப்பித் தராங்க. நீங்க ஒருத்தர்தான் முழுசாப் படிச்சீங்க" என்றார். "ஒருத்தர் இல்ல மேடம், ரெண்டு பேரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூண்டில் குனிந்து நிற்காதே.

உன் அக்கா


ரெட்டிபாளையம்
9.8.2025

அன்பு அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லோரும் ஆஃபியத்தோடு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எனக்கு நாலு நாளாகச் சளி. மற்றபடி, அக்கா, நான் இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ பெண்கள் பக்கத்தில் இருந்ததால் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும். முழுவதையும் எழுதுகிறேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பிறகு ஏஜெண்டின் வக்கீல் எழுந்தார்.

"அங்க நீங்க வேலைதானே பாத்தீங்க?"

"ஆமாங்க."

"என்ன வேலை?"

"ஆளுங்களை ஏமாத்துற வேலை."

"அப்ப நீங்களே குத்தவாளி. உங்க பேச்சை எப்படி நம்புறது?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "ஏமாத்தினேங்க. அரியலூர் வேணியம்மாவை ஏமாத்தினேன். அவங்க சேத்து வெச்சதெல்லாம் போச்சு. அதை மொதல்ல சொல்லிட்டுத்தான் இவரைப் பத்திச் சொல்லணும்னு வந்திருக்கேன். எங்களை வித்தது இவருதான்."

வக்கீல் சிரித்தார். "வேணியம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களா, இல்ல ஏதாவது நாவல்ல படிச்சதா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "இருக்கேன் சாமி, இங்கதான் இருக்கேன்." நீயும் அதைக் கேட்டிருப்பாய். கோர்ட்டே திரும்பியது. ஜட்ஜ் அம்மா உட்காரச் சொன்னார். வேணியம்மா உட்கார்ந்தார், ஆனால் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்தார். அரசு வக்கீல் மனு போட்டு அவர் பெயரையும் சாட்சிப் பட்டியலில் சேர்த்தார். இருபத்தொன்பதாம் தேதி அவரே கூண்டேறினார். அன்றைக்கு நீ இல்லை. அதே வக்கீல் கேட்டார், "உங்க சேமிப்பைப் பிடுங்கின இந்தப் பையன் மேல உங்களுக்குக் கோபமே இல்லையாம்மா?"

"இருக்கு. நெறைய இருக்கு. அவன் வாராவாரம் வந்து எங்கிட்ட ஏச்சு வாங்கிட்டுத்தான் போறான்." அப்புறம் ஏஜெண்டைக் கைகாட்டி, "இந்தாளு ஒருநாளாச்சும் வந்தாரா, கேளுங்க" என்றார். ஜட்ஜ் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. பதினைந்தாம் தேதி நான் வெளியே வந்தபோது வராண்டாவில் தமிழரசன் நின்றுகொண்டிருந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று லாரியை ஓரம்கட்டிவிட்டு வந்தானாம். ஜன்னல் வழியாக முழுவதையும் கேட்டிருக்கிறான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. "நீ சொல்லிட்டடா" என்றான். நேராக அரசு வக்கீலிடம் போய், "சார், எம் பேரையும் கூப்புடுங்க" என்றான். அடுத்த வாரத்தில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. அவனை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை.

அத்தா பதினைந்தாம் தேதி முழுவதும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. நான் பேசும்போது உட்காரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

நிமிர்ந்துதான் நின்றேன் அக்கா.

ஹாதி


லப்பைக்குடிக்காடு
12.12.2025

என் உயிர்த் தம்பிக்கு,

சலாம், ஆயிரம் சலாம். எல்லோரும் சுகம். சந்தோஷத்தில் அம்மாவுக்குக் காலே வலிக்கவில்லையாம், இன்றைக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பை நீயும் நானும் ஒன்றாகத்தான் கேட்டோம். ஏஜெண்ட் குற்றவாளி, பத்து வருஷம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீயும் வேணியம்மாவும் அரியலூர் பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாதே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அத்தா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரவில்லை. கடைத்தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ, "என்னண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சா?" என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிட நான் போனேன். நம் அத்தா, இருபது வருஷம் ரியாத்தில் இருந்துவிட்டு வந்து அங்கே வெயில் அதிகம் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத பீர் முகமது, சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாங்காக் டிக்கெட்டில் ஆரம்பித்து மதில் சுவர், நோட்டு, சூடு, வேணியம்மா, அறை எல்லாவற்றையும் சொன்னார். "எம் மவன் ஏமாத்தினான். அவனே கூண்டுல ஏறி அதைச் சொன்னான். ஆறு மைல் சுத்துல எவனுக்கு இருக்கு அந்தத் தைரியம்?" என்றார். நடுவில், "எம் பாஸ்போர்ட்டையும் எட்டு மாசம் பூட்டித்தான் வெச்சிருந்தான் அந்த அரபு மொதலாளி, கஃபீல். நான் எவங்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஒரு வரி வந்தது. எனக்கே அது புதிது. பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

கூட்டத்தில் துணிக்கடை ரஹ்மத்துல்லா மகன் சாதிக் இருந்தான். போன வருஷம்தான் இன்ஜினியரிங் முடித்தான். அவன் மெதுவாக, "பெரியத்தா, எனக்கு ஏற்பாடு பண்ணினது வேற ஏஜெண்ட். ஆனா வேலை அதேதான் சொன்னாரு. கம்ப்யூட்டர் வேலை, பாங்காக். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளைட்டு" என்றான். அத்தா அவன் கையைப் பிடித்தார். அதற்கப்புறம் சோறும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனை வீட்டுக்கே கூட்டிவந்து, உன் கடிதங்கள் எல்லாவற்றையும் என்னை எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்தார். அவன் படித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நீ கோபிப்பாய் என்று தெரியும். ஆனாலும் நான் தடுக்கவில்லை. சாதிக் கடிதங்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். புதன் போனது, வியாழன் போனது, அவன் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அத்தா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அத்தா ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஜைனம்பு, அந்தப் புள்ள சாதிக் பள்ளிவாசல்ல மூணாவது வரிசையில ஒக்காந்திருந்தான்."

ஃபஹ்மிதா